மீனுவுக்குப் போட்ட சாம்பிராணி

ஆக்லாந்தில் பனி கொட்டாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் அம்மாவுக்கு ஏறாது. யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் வரும்போதெல்லாம், “வெளியில ஐஸ் கொட்டுதோ பிள்ளை? தொப்பி போட்டனியோ?” என்றுதான் தொடங்குவார். இங்கே வருவது வெறும் உறைபனி. சில காலைகளில் புல் வெள்ளையாகக் கிடக்கும், மிதித்தால் நொறுங்கும், பத்து மணிக்குள் கரைந்து தண்ணீராகிவிடும். அந்தக் காலைகளில் காற்றும் அடிக்காது. எங்கள் ஒனிஹங்கா வீதியின் புகைபோக்கிகள் விட்ட புகை மேலே போக மனமில்லாமல் வேலிகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதை மூடுபனி என்று நினைத்து, அழகாக இருக்கிறதென்று படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்புவேன்.

அம்மாவுக்கு விசா வரவில்லை. அப்பாவும் நானும் மட்டும் வந்து சேர்ந்து, அது இரண்டாவது குளிர்காலம். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா இங்கே வீடு கட்டுகிற இடத்தில் பலகை தூக்கினார். மிஞ்சிய துண்டுப் பலகைகளை எங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொல்லையில் அடுக்குவார். வரவேற்பறையில் கண்ணாடிக் கதவு வைத்த பழைய இரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. “விறகைக் கடையில வாங்கிற விசரரும் இருக்கினம்” என்று சொல்லிச் சொல்லி எரிப்பார். தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பலகைகளில் இலேசான பச்சை படிந்திருக்கும். அடுப்பில் போட்டால் தீயின் ஓரமும் பச்சையாக எரியும். இந்த வீதியில் வேறு எவர் வீட்டிலும் இப்படியொரு தீ இல்லை என்று எனக்குப் பெருமை. அதில் தவறில்லை. வேறு எவரும் அந்தப் பலகையை எரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னோடு யாரும் சேரவில்லை. நான் இங்கிலிஷ் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் அவர்களின் விளையாட்டே முடிந்திருக்கும். மதிய இடைவேளையில் கழிவறைக்குப் போய்க் கை கழுவுவேன். திரும்பவும் போய்க் கழுவுவேன். தனியாக நிற்பதைவிட ஏதோ வேலையாக இருப்பது போலத் தெரிவது மேல்.

எனக்கென்று இருந்தவள் பக்கத்து வீட்டு மீனு ஒருத்திதான். இங்கேயே பிறந்தவள், என் வயது, ஆனால் வேறு பள்ளிக்கூடம். அவளுடைய அம்மா மதுரைக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ்; நான் அவரை அன்ரி என்று கூப்பிடுவேன். வெள்ளி இரவு வேலை முடிந்து வந்து அன்ரி சனிக்கிழமை காலையில் தூங்குவார். அந்த நேரம் மீனு எங்கள் வீட்டில். அதனால் எனக்கு வாரம் என்பது சனிக்கிழமையும், அதற்காகக் காத்திருக்கிற ஆறு நாட்களும்தான். மாலைகளில் அப்பாவும் அன்ரியும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கறிவேப்பிலைச் செடி ஏன் துளிர்க்கவில்லை என்று முடிவில்லாமல் வாதாடுவார்கள். எனக்கு அது அலுப்பாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை புல் வெள்ளையாகக் கிடந்தது. மீனு வந்ததிலிருந்தே இருமினாள்.

“ஐ ஷுட் கோ ஹோம்” என்றாள்.

அவள் போனால் அடுத்த சனிக்கிழமைவரை எனக்கு ஆளில்லை. எப்படியாவது அவளைச் சுகமாக்கிவிட வேண்டும். சளி பிடித்தால் அம்மா என்ன செய்வார் என்று யோசித்தேன். தலை முழுக வைத்து, தணலில் சாம்பிராணி போட்டு, புகையை என் தலைமயிருக்குக் காட்டுவார். நெஞ்சுச் சளியும் இளகும் என்பார். அம்மா பெட்டிக்குள் வைத்து அனுப்பிய சாம்பிராணிப் பொட்டலம் சாமித்தட்டில் இருந்தது. அப்பா கொல்லையில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நல்ல பச்சைப் பலகையாகப் பார்த்து இரண்டை எரிந்துகொண்டிருந்த அடுப்புக்குள் வைத்தேன். மீனுவை அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து, புகை வீணாகாமல் ஜன்னல்களைச் சாத்தி, அவள் தலையை ஒரு துவாயால் மூடினேன்.

“இஸ் திஸ் எ தமிழ் திங்?” என்று துவாய்க்குள்ளிருந்து கேட்டாள்.

“ஓம்” என்றேன். அடுப்புக் கதவைத் திறந்து சாம்பிராணியை அள்ளிப் போட்டேன்.

அறை முழுக்கப் புகை. மீனு முதலில் இருமினாள், பிறகு இருமவும் முடியாமல் போனாள். அவள் தொண்டையில் விசில் போல ஒரு சத்தம் கேட்டது. துவாயை எடுத்தபோது உதடு நீலமாக இருந்தது. நான் கத்தினேன். அப்பா ஓடிவந்து ஒன்றும் கேட்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு உறைபனிப் புல்லில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

தூக்கத்திலிருந்து எழுந்து வந்த அன்ரி மீனுவுக்கு மருந்தை மூச்சோடு இழுக்கக் கொடுத்தபடியே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வருவதற்குள் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் அன்ரி நிமிர்ந்து பார்த்தார்.

“என்னண்ணா ஆச்சு? புள்ள மேல என்ன இந்த வாடை?”

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என் கையில் சாம்பிராணித் தூள் ஒட்டியிருந்தது. அப்பா திரும்பி அந்தக் கையை ஒருதரம் பார்த்தார்.

“நான்தான் தங்கச்சி. சளி எண்டு சாம்பிராணி போட்டனான்.”

“வீசிங் இருக்கிற புள்ளைக்கு யாராவது புகை போடுவாங்களா? உங்கள நம்பித்தானே விட்டுட்டுத் தூங்குனேன்!”

அப்பா தலை குனிந்து நின்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், அப்போது உண்மையில் அப்படித்தான் இருந்தது.

மீனு இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்ரி ஒருமுறை எங்கள் கொல்லைக்கு வந்து, ஒரு பலகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“இது பூச்சி அரிக்காம இருக்க மருந்து ஏத்துன பலகை. ஆர்சனிக் இருக்கும். இத எரிக்கவே கூடாது. தெருவே இதத்தான் சுவாசிச்சிருக்கு.”

அப்பா அத்தனை பலகையையும் வான் வண்டியில் ஏற்றிக் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிந்தோம். நான் முணுமுணுத்தேன். அவர் எனக்கு இன்னொரு போர்வையை எடுத்துத் தருவார். சாம்பிராணியைப் பற்றி இன்றுவரை என்னிடம் கேட்டதுமில்லை.

எனக்கு நட்டம் எதுவும் இல்லை. சனிக்கிழமைகளில் மீனு எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோய், நான் அவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். அன்ரி எனக்குத் தோசை ஊற்றித் தருவார், தலை பின்னிவிடுவார், “சாப்ட்டியாடா கண்ணு?” என்பார். அப்பாவைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார். மாலையில் அன்ரி துணி எடுக்க வெளியே வந்தால் அப்பா உள்ளே இருப்பார். அன்ரி உள்ளே போய்க் கதவு சாத்திய பிறகு, அப்பா இருட்டில் தடவித் தடவி எங்கள் துணிகளை எடுத்து வருவார். அப்பாவுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று நான் அம்மாவிடம் கோள் சொன்னேன். அந்த வீதியில் வாய் திறந்து தமிழில் பேச அவருக்கும் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார் என்பதும், அந்த ஆளை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் உள்ளே இருந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.