நிறுத்தினால் விழும் வண்டி

மாமா ஓய்வு பெற்ற நாளன்று பஸ் பணிமனையில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் ஓட்டிக்கொண்டிருந்த முதல் டிரிப்பை நிறுத்திவிட்டார்கள். காலை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பும் பஸ். ஆள் ஏறுவதில்லை என்று காரணம் சொன்னார்கள். ஏறிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அத்தை.

"நான் இருந்தவரைக்கும் அந்த டிரிப்புல கை வச்சாங்களா?" என்று மாமா மீசையைத் தடவினார்.

"ஆமா, உங்களுக்குப் பயந்துதான் விட்டு வச்சிருந்தாங்க. நான் எப்படிப் போறதுன்னு யோசிங்க முதல்ல" என்றாள் அத்தை.

அத்தைக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஆறரைக்கு அங்கே கொதிகலனைப் பற்றவைப்பார்கள். ஆறே முக்காலுக்கு மேற்பார்வையாளர் வருகைப் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். மூன்று தடவை தாமதமானால் வேலை போய்விடும். பஸ் நின்றபின் அத்தை ஒன்றே கால் மணி நேரம் நடந்து போனாள். இரண்டு முழங்காலும் வீங்கின. இரண்டு தடவை பதிவேடு பூட்டியிருந்தது. இன்னும் இரண்டரை வருடம் தள்ளினால் முழு ஓய்வூதியம் கிடைக்கும் என்ற நிலையில், கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தாமதம்.

இருபத்திரண்டு வருடம் அத்தை மாமாவின் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள சீட், ஜன்னலோரம். அதற்கு மேலே 'ஓட்டுநருடன் பேசக்கூடாது' என்று ஒரு பலகை. இருவரும் அதை மதித்தார்கள். வீட்டில் பாதியில் விட்ட சண்டையைக்கூட அந்தப் பலகைக்குக் கீழே தொடர்ந்ததில்லை. மாமாவின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அத்தையின் முகம் தெரியும். அத்தைக்கு மாமாவின் பிடரி தெரியும். "அந்தப் பிடரியப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிடுச்சு" என்று என் அம்மாவிடம் சொல்வாள். அம்மா மாமாவின் தங்கை. நாங்கள் அந்த வீட்டின் மாடியில் இருந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்தால் கீழ்வீட்டுக் கூடமும் தெருவும் ஒருசேரத் தெரியும். என் படிப்பெல்லாம் அங்கேதான்.

ஒரு நாள் மாமா படியேறி வந்து அறிவித்தார்.

"மோட்டார் சைக்கிள் வாங்கப் போறேன். அவளை நான் கொண்டுபோய் விடுறேன்."

"உனக்குத்தான் சைக்கிளே வராதேண்ணா" என்றாள் அம்மா.

"பதினோரு டன்னை ஓட்டினவன் நான். இது என்ன, கைக்குழந்தை."

கைக்குழந்தை அவரை மூன்று வாரம் படுத்தியெடுத்தது. பணிமனையில் அவரோடு வேலை பார்த்துவிட்டுப் பின்னாளில் தனியாகக் கொட்டகை போட்ட மெக்கானிக் ஒருவர் இருந்தார். குளித்த தலை காய்வதற்குள் தொப்பி போட்டுக்கொள்வார் என்பதால் ஊரே அவரைத் தொப்பி என்றுதான் கூப்பிடும். அவர் ஒரு பழைய வண்டியைக் கொடுத்து, கொட்டகைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் மாமாவை ஓட்டச் சொன்னார். ஓடும்போது ஒன்றும் ஆகாது. நிறுத்தும்போதுதான் மாமா சாய்வார். காலை ஊன்ற வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வராது.

"டேய் தொப்பி, முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன். நிறுத்தினா நிக்கும். அதுதாண்டா வண்டி. இது நிறுத்தினா விழுதே!"

"அது நிக்குறதுக்கு ஆறு சக்கரம் இருந்துச்சு. இங்க மிச்ச சக்கரம் உன் கால்தான். ஊனுடா."

உரிமத் தேர்விலும் அப்படித்தான். எட்டுப் போடச் சொன்ன இடத்தில் பஸ் திருப்புகிற மாதிரி அகலமாக வளைத்து, வெள்ளைக் கோட்டையும் தாண்டி, பக்கத்திலிருந்த புல்லுக்குள் போய் நின்றார். இரண்டாம் தடவை தேறினார்.

பிறகு வண்டி தேர்ந்தெடுக்கும் படலம். தொப்பியின் கொட்டகையில் விற்பனைக்கு மூன்று வண்டிகள் நின்றன. சின்னது ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கறுப்பாகப் பெரியது ஒன்று. தொப்பி சின்னதன் சீட்டைத் துடைத்தார்.

"புதுசா ஓட்டுறவனுக்கு எடை கம்மியா இருக்கணும், சீட்டு தாழ்வா இருக்கணும். இதை எடுத்துக்கோ."

மாமா அதைக் கிளப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இது வண்டியா? தையல் மிஷின் மாதிரி கத்துது. ரோட்டுல போனா ஒருத்தனும் வழிவிட மாட்டான்."

கறுப்பு வண்டியைக் கிளப்பியதும் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. மாமாவின் முகத்தில் ஐந்து ஐம்பது டிரிப் வந்து நின்றது. பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து ஊரை மேலிருந்து பார்த்தவர். விளக்கணையாத கடைகள், கூரைமேல் தூங்கும் பூனை, மதில்சுவருக்கு அந்தப் பக்கம் காயும் துணி எல்லாவற்றையும் தினமும் முதலில் பார்த்தவர். அந்த உயரத்தில் பாதியாவது வேண்டும் என்று கேட்கிற முகம். தொப்பிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"ரெண்டு நாள் வச்சுப் பாரு. அப்புறம் பேசுவோம்" என்று சாவியைக் கொடுத்தார்.

அத்தையின் விடுமுறை நாளில் ஒத்திகை. அவள் சலவைக்கூடச் சீருடையையே போட்டுக்கொண்டு வந்தாள், நீலக் கால்சட்டையும் முழங்கால்வரை சட்டையும். மாமா வண்டியைக் கிளப்பி, நுனிக்காலால் தரையைத் தொட்டபடி, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை ஒரு காலை ஃபுட்ரெஸ்டில் வைத்து, அவர் தோளைப் பிடித்து எம்பினாள். மறு கால் இன்னும் சீட்டைத் தாண்டவில்லை. அப்போது தெருமுனையிலிருந்து ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்தார். வழக்கம்போல் மணியடித்தார்.

டிங் டிங்.

வண்டி கிளம்பிவிட்டது. அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். நாலு வீடு தள்ளி மாமா திரும்பிப் பார்த்தார், பதறி நிறுத்தினார், வண்டி நின்றது, விழுந்தது. அவர் காலும் அதற்கடியில் போனது. படியிலிருந்து நான் இறங்கி ஓடுவதற்குள் ரொட்டிக்காரரே வண்டியைத் தூக்கிவிட்டார். மாமாவுக்குக் கணுக்காலில் வீக்கம். அத்தைக்கு உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன.

"என்னை ஏத்தாமலே போயிட்டார். பாத்தீங்கள்ல? இருபத்திரண்டு வருஷம் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போனவர், இன்னைக்கு ரோட்டுல உக்கார வச்சுட்டுப் போறார்" என்று அத்தை தெருவையே சாட்சிக்கு அழைத்தாள். மாமா நொண்டியபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் அத்தை கையில் கட்டோடு படிக்கு வந்தாள். ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பி, உன் எழுத்துதான் அழகா இருக்கும். வேலைய விட்டுடறேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. மூணாவது லேட்டுக்கு அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி நானே போயிடறேன். மரியாதையாவது மிஞ்சும்."

அவள் குரலில் கோபம் இல்லை. 'ஐயா,' என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மாமா கூடத்திலிருந்து நொண்டியபடி எழுந்து வந்தார்.

"இரட்டை மணி கேட்டுச்சு" என்றார்.

"என்ன?"

"ஒரு மணி அடிச்சா நிறுத்தணும், இரட்டை மணி அடிச்சா எடுக்கணும். கண்டக்டர் கயித்தை இழுப்பான், நான் எடுப்பேன். முப்பத்தோரு வருஷம் யார் ஏறினாங்க, யார் ஏறலைன்னு நான் திரும்பிப் பாத்ததே இல்ல. மணியத்தான் நம்பினேன். இன்னைக்கு டிங் டிங்னு காதுல விழுந்துச்சு, கை தானா கிளட்ச்ச விட்டுடுச்சு. நான் என்ன பண்ண?"

அத்தை அவரையே பார்த்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"நல்லவேளை, ரொட்டிக்காரர் ஒரு மணியோட நிறுத்தல. அப்படி அடிச்சிருந்தா நாள் பூரா அங்கயே நின்னிருப்பீங்க" என்றாள். மாமாவுக்கும் சிரிப்பு வந்தது, வலியோடு. அத்தை தாளை என்னிடமிருந்து எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். கிழிக்கவில்லை. "நாளைக்கு வேலை முடிஞ்சு நானும் கொட்டகைக்கு வர்றேன்."

மறுநாளும் அத்தை நடந்தே போனாள், நாலரைக்கே எழுந்து. சாயங்காலம் கொட்டகையில் அவள் ஒரு வண்டியையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. கிளப்பக்கூட விடவில்லை.

"சும்மா உக்காருங்க. நான் ஏறி இறங்கறேன்."

கறுப்பு வண்டியில் அவள் எம்பியதும் மாமாவின் குதிகால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. வண்டி ஆடியது. நடுத்தர வண்டியில் சீட்டு அகலம், மாமாவின் கால்கள் பக்கவாட்டில் விரிந்து பாதிப் பாதம்தான் பதிந்தது. சின்ன வண்டியில் அவர் உட்கார்ந்ததும் முழங்கால் லேசாக மடங்கியது, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் இருந்தன. அத்தை ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். எட்டோ ஒன்பதோ தடவை. வண்டி அசையவில்லை.

"இதுதான்" என்றாள்.

தொப்பி முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "முப்பது வருஷம் வண்டி ஓட்டினது இவன். வண்டி பாக்கத் தெரிஞ்சது உனக்கு, தங்கச்சி."

"ஏறி இறங்கினவ நான்தானே அண்ணே."

மாமா கறுப்பு வண்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சத்தம்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"நான் பேசறேன் பின்னாலருந்து. இங்கதான் பலகை கிடையாதே" என்றாள் அத்தை.

முதல் நாள் காலை நானும் அம்மாவும் மாடி ஜன்னலில் நின்றோம். ஆறு மணி. மாமா வண்டியை உதைத்துக் கிளப்பினார். தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. இரண்டு பாதமும் தரையில். அத்தை ஏறி உட்கார்ந்தாள், சட்டையை முழங்காலுக்கு அடியில் செருகினாள், சாப்பாட்டுப் பையை நடுவில் வைத்தாள். ரொட்டிக்காரர் சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார். டிங் டிங். மாமாவின் முதுகு விறைத்தது. வண்டி நகரவில்லை. ரொட்டிக்காரர் கடந்து போய், சத்தமும் தேய்ந்த பிறகு, அத்தை அவருடைய வலது தோளில் தட்டினாள். இரண்டு தட்டு.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் பஸ் போலவே அந்தக் கோடிவரை போய் வளைந்து திரும்பியது.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவர்க் கடிகாரத்தின் எதிரில் போய் நின்றார். "ஆறு இருபத்தி மூணு" என்றார் அதைப் பார்த்து. "பதிவேடு திறந்தே இருந்துச்சாம்."

அந்த இரண்டரை வருடத்தில் மூன்றாவது தாமதம் வரவே இல்லை. மழையில், பனியில், ஒரு முறை பஞ்சரான டயரோடுகூட. எதிரே வரும் பஸ் டிரைவர்கள் மாமாவைப் பார்த்து ஹாரன் அடிப்பார்கள். அவர் கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். போகும் வழியெல்லாம் அத்தை பேசிக்கொண்டே போவாள் என்று தெருவில் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடத்துப் பேச்சு. மாமாவின் பழைய சீருடைச் சட்டைகளில் வலது தோள் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் நைந்துபோயிற்று.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். அத்தையும் ஓய்வு பெற்றுவிட்டாள். போன மாதம் போயிருந்தபோது, ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மாமா அதே வண்டியை எடுத்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நின்ற அத்தை என்னைப் பார்த்துக் கையைக் காற்றில் இரண்டு தடவை அசைத்துக் காட்டினாள்.

அவர் தோளில் தட்டினேன்.

"தூங்கிட்டியோன்னு நெனச்சேன் மாப்ளே" என்றார் மாமா, கிளட்ச்சை விட்டபடி.