கையோடு வந்த கதவுப் பலகை

கழற்றி மாட்டும்படி ஒரு வேலையைச் செய்தால் அது முழு வேலையா, அரைகுறை வேலையா? அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. எங்கள் தெருவில் எல்லோரும் 'செக்போஸ்ட்' என்று கூப்பிடுகிற பெரியவருக்கோ அதில் குழப்பமே இல்லை. அது திருட்டு வேலை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பது வருஷம் எல்லைச் சாவடியில் வண்டிகளைச் சோதித்தவர். சுலபமாகக் கழன்று வருகிற பலகைக்குப் பின்னால்தான் கடத்தல் சரக்கு இருக்கும் என்பது அவர் கண்ட அனுபவம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் மூடவில்லை. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்துப் போவார்.

அவரிடம் நாற்பது வயதுக் கார் ஒன்று உண்டு. அதன் கதவின் உட்பலகை, அதாவது ரெக்சின் போர்த்திய மெல்லிய அட்டை, பிடி விட்டுப்போய் மேடுபள்ளத்தில் கடகடவென்று ஆடியது. மகளோடு மாடியில் குடியிருந்த மாப்பிள்ளை அதைச் சரிசெய்து கொடுத்தார். அவர் நாடகங்களுக்கு மேடை போடுகிறவர். அரண்மனையை எழுப்பி, நாடகம் முடிந்ததும் பிரித்து ஏற்றுகிற தொழில். அதனால் பசை பக்கமே போகவில்லை. ஓட்டை பெரிதான இடங்களில் புது கிளிப், ஆடுகிற இடத்தில் கம்பளித் துண்டு, கீழ் ஓரத்தில் பைகளில் வருமே, அந்தக் கரகரப்பான வெல்க்ரோ பட்டை. அவ்வளவுதான்.

"மாமா, இந்த ஓரத்துல விரலை விட்டு மெதுவா இழுங்க, கையோட வந்துடும். அழுத்தினா உட்கார்ந்துடும். நாளைக்குக் கண்ணாடி மக்கர் பண்ணா பிரிச்சுப் பாக்கணும்ல?"

"அப்ப யார் வேணாலும் பிரிக்கலாம்?"

"தாராளமா!"

அந்த 'தாராளமா' செக்போஸ்ட்டின் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. மாப்பிள்ளை நகர்ந்ததும், பலகையும் கதவும் சேரும் இடத்தில் சாக்பீஸால் மெல்லிய கோடு ஒன்று கிழித்து வைத்தார். சாவடியில் கற்ற வித்தை. மறுநாள் பார்த்தால் கோடு நூலளவு விலகியிருந்தது. கதவை அறைந்து சாத்திச் சாத்திப் பார்த்தது தானேதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

மகளிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார். "உன் வீட்டுக்காரர் நேத்து கார் பக்கம் போனாராம்மா?"

மகள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா? கல்யாணமான புதுசுல அவர் போனை எடுத்து நோண்டினீங்க. பொறுத்துக்கிட்டேன். இன்னொரு தடவை அவரைச் சோதனை போட்டீங்க, நாங்க வேற வீடு பாத்துட்டுப் போயிடுவோம். விளையாட்டுக்குச் சொல்லல."

மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவரோடு பேச இவர்களை விட்டால் வேறு ஆளில்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளியே போன நேரம் பார்த்து, சாவடிப் பழக்கத்தில் ஸ்குரூடிரைவரைப் பலகையின் கீழே கொடுத்து நெம்பினார். விரலுக்கு வழிவிடும்படி செய்த வேலை நெம்பலைத் தாங்குமா? அட்டை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. உள்ளே டார்ச் அடித்தார். கண்ணாடி ஏற்றுகிற கம்பிகள், தூசி. வேறொன்றுமில்லை.

மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. செருப்புக்குப் போடுகிற பசையை எடுத்துவந்து, பிளவோடு சேர்த்துப் பலகையையே கதவில் அழுத்தி ஒட்டிவிட்டார்.

புதன்கிழமை காலை மழை. கதவுக் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு சீட்டு நனைந்தது. "ரெண்டு நிமிஷ வேலை மாமா" என்று மாப்பிள்ளை விரலைக் கொடுத்து இழுத்தார். பலகை அசையவில்லை. குனிந்து பார்த்தார். பசை, பிளவு, நெம்பிய தடம் எல்லாம் தெரிந்தது. குடையோடு மகள் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"நான்தான்... பசை போட்டு ஒட்டிட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

செக்போஸ்ட்டுக்கு அப்போதும் முதலில் வந்தது சந்தேகம்தான். இவர் எதற்குப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்? மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவள் அப்பாவை விட்டுப் போய்விடக் கூடாதே என்றுதான்.

"இல்லம்மா. நான்தான் நெம்பினேன். உள்ள ஏதோ சரக்கு இருக்கும்னு நெனச்சேன்."

"இருந்துச்சா?"

"இல்ல."

மகள் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அடுத்த மாதமே இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தார்கள். சாமான் ஏற்றிய அன்று பெரியவரும் பெட்டி சுமந்தார். ஒரு பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே பார்க்காமல் மூடி, கயிறு போட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினார். மகள் அதைக் கவனித்துக்கொண்டே நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்கப்பா. இதையெல்லாம் பிரிச்சு அடுக்க ஆள் வேணும்."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செக்போஸ்ட் இருந்தால், இந்தக் கதையை அவர் காதில் போட்டு வையுங்கள். இல்லையென்றால், அப்படி ஒருவர் இருக்கிற வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.