கப்பலில் வந்த ஹைதராபாத்

கப்பலுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு: ஊர் உலகத்திலிருந்து எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள், வந்தவர்களில் ஒருவர்கூட உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்.

இருபத்தேழு வருஷமாக எனக்கு இதே பிழைப்பு. அரிசி, முட்டை, வெங்காயம், கயிறு, சோப்பு என்று கப்பலிலிருந்து லிஸ்ட் வரும். வேனில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் துறைமுகத்துக்குப் போய், பக்கவாட்டு ஏணியில் ஏறி, கப்பல் சமையல்காரரிடம் கையெழுத்து வாங்கி வருவேன். குடியிருப்பது திருவொற்றியூரில். என் மனைவி பிலோமினா இருப்பது மீஞ்சூரில், அவள் அண்ணன் வீட்டில். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் என் மாமியாரை அடக்கம் செய்த அன்று, ஒரு கப்பலுக்கு அவசரமாகக் காய்கறி ஏற்றப் போய்விட்டு, மண் போட்டு முடித்த பிறகுதான் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தேன். “நீ கப்பலாண்டயே இருந்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் பிலோமினா அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். நானும் முறுக்கிக்கொண்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் யாராவது நடுவில் பேசியிருப்பார்கள்.

வெளியே நாலு பேரிடம் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, விளக்கைத் தாங்களே போட்டுக்கொள்கிற ஆம்பளைகள் நம்மில் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போங்கள்.

தெலுங்குக்காரருக்கு ஊறுகாய்

போன மாசம் ஒரு சரக்குக் கப்பல் மெஷின் கெட்டுப்போய் வந்து நின்றது. வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரவேண்டும் என்று ஓரமாகக் கட்டி வைத்தார்கள். சமையல்காரர் பெயர் ரஹ்மத். என் வயசுதான், ஐம்பத்திரண்டு ஐம்பத்துமூன்று இருக்கும். எந்த ஊர் என்று கேட்டேன். “ஹைதராபாத்” என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்குதான், எனக்கும் நன்றாகவே வரும். அன்றிலிருந்து ஏணியில் ஏறும்போதே “பாகுன்னாரா அண்ணா” என்று நலம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டுவார். ஆவக்காய் ஊறுகாய், கோங்கூரா ஊறுகாய் என்று என் சொந்தச் செலவில் வாங்கிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நாலாவது தடவை போனபோது மற்ற ஆட்களெல்லாம் ஷோர் பாஸ் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றப் போயிருந்தார்கள். இவர் மட்டும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஏன் இறங்கவில்லை என்று கை ஜாடையில் கேட்டேன். அவர் கடல் பக்கம் கையை நீட்டி, ஹைதராபாத் இரண்டு இருக்கிறது, தன்னுடையது சிந்து மாகாணத்தில், பாகிஸ்தானில் என்று நிதானமாகப் புரிய வைத்தார். பாகிஸ்தான்காரருக்கு இங்கே தரையில் கால் வைக்கப் பாஸ் கிடையாது. மூன்று தடவையாக நான் தெலுங்கு பேசியது எல்லாம் சுவரோடு பேசியதாகப் போயிற்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் இந்துஸ்தானியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “ஊறுகாயை மட்டும் திருப்பிக் கேட்காதே பாய், பாதி தின்றாகிவிட்டது.”

பேஜாரு

எனக்கு இந்தி தெரியாது. ஆனால் வடசென்னையில் பிறந்தவனுக்கு அரைகுறையாக முப்பது வார்த்தை தொண்டையிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தோஸ்து, நாஷ்டா, ஜல்தி, குஷி, உஷார், கலீஜ். ஒவ்வொன்றாக நான் எடுத்துவிட, ரஹ்மத் ஆச்சரியப்பட்டுப்போனார். அவர் என்னைப் பாய் என்பார், நான் அவரைப் பாய் என்பேன். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பாலிலேயே தேயிலையைப் போட்டு, செங்கல் நிறம் வரும்வரை கொதிக்க வைத்து ஒரு டீ கொடுப்பார். அதற்கு தூத் பத்தி என்று பெயர். அவர் ஊரில் கடை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அதைக் குடித்துக்கொண்டே பொழுதைக் கழிப்பார்களாம். நாங்கள் மேல்தளத்தில் இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்து குடித்தோம். எதிரே அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள். இந்தியா என்று அவர் பார்த்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஒருநாள் “வீட்டில் எப்படி?” என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை. “வூடு பேஜாரு, பாய்” என்றேன். அவர் காதில் அது பஜார் என்று விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மகன், மகள், மருமகள், பேரன் என்று சந்தைக் கூட்டமாக நினைத்துக்கொண்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, அந்த வீட்டில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் கழுவப்படுகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “வீடு பஜார் மாதிரி இருந்தால் அதைவிட மனுஷனுக்கு என்ன வேண்டும்?”

லுங்கி இல்லை

அவர் தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும். கருஞ்சிவப்பும் கருநீலமும், நடுவில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூ. நானும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்: “லுங்கி ஜோரா கீது பாய், எங்க எட்த்த?” லுங்கி என்ற வார்த்தை அவருக்கும் தெரியும். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அது அஜ்ரக். மரக்கட்டையில் செதுக்கின அச்சை வைத்து, இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் குத்துவார்களாம். துவைத்து, காயவைத்து, அவுரிச் சாயத்தில் முக்கி, மறுபடி துவைத்து, ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகுமாம். தலைப்பாகை அதுதான், பிள்ளைக்குத் தொட்டில் அதுதான், செத்தால் மேலே போர்த்துவதும் அதுதான். இதையெல்லாம் கோபமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் எழுந்து அந்தத் துணியை என் தோளில் போட்டு இழுத்துச் சரிசெய்தார். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையாம். கடைசியாக என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டவள் பிலோமினா. டீ சூடு என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விரலை ஆட்டிச் சொன்னார்: “தோளில் இருக்கும்வரை நீ விருந்தாளி. இடுப்பில் கட்டினால் ஏணி அந்தப் பக்கம்.”

ஜுடாயி

அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன். “ஜுடாயி” என்றார். எனக்குத் திக்கென்றது. பழைய இந்திப் பாட்டுகளில் பாதி ஜுதாயி, ஜுதாயி என்றுதானே அழும். பிரிவு என்று அர்த்தம் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆக இவரும் நம்ம கட்சி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டில் பஜாரும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, என் பொண்டாட்டியும் போய்விட்டாள் என்று கல்லறை விஷயம் முதல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டரை வருஷத்தில் யாரிடமும் சொல்லாதது. பாதித் தமிழ், பாதி ஜாடை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

பிறகு கேபினுக்குப் போய் ஒரு கண்ணாடி வளையல் எடுத்து வந்தார். அவர் ஊரில் தெருத்தெருவாக வளையல் தொழில். சூளையிலிருந்து வரும்போது வளையல் வாய் பிளந்துதான் இருக்குமாம். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து, சின்னச் சுடரில் இரண்டு முனையையும் காட்டி இளக்கி ஒட்டுவார்கள். அந்த ஒட்டுவேலைக்குத்தான் ஜுடாயி என்று பெயர். ஜுதாயி என்றால் பிரிவு, ஜுடாயி என்றால் சேர்ப்பு. அவர் மனைவி முப்பது வருஷமாக அந்த வேலைதான் செய்கிறாள். சுடர் ஆடிவிடும் என்று கோடையிலும் மின்விசிறி போடமாட்டாளாம். ஒட்டின இடத்தை என் விரலால் தடவிக் காட்டினார். கடுகளவு மேடு தட்டியது. அந்த வளையல்களெல்லாம் போய்ச் சேரும் பஜாரைப் பற்றியும் சொன்னார். எதிரே ஒரு மூட்டை வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்தாம். பெருநாளுக்கு முந்தின நாள் அவளைக் கூட்டிப்போய், கூட்டத்தில் இடிபட்டு, கடைசியில் இரண்டு பேரும் நின்றுகொண்டே குல்ஃபி சாப்பிடுவார்களாம். இந்த வருஷப் பெருநாளை நடுக்கடலில் கழித்திருக்கிறார்.

“உன் வீட்டுக்காரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள்?” என்று கேட்டார். திருவொற்றியூரிலிருந்து ஏழு ஸ்டேஷன் என்றேன். இந்தத் துறைமுகத்துக்குத் திரும்பாமல் நேரே போனால் இன்னும் கிட்டே என்றும் சொன்னேன். ரஹ்மத் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அங்கே போக உனக்கு விசா வேண்டுமா?”

லிஸ்டில் இல்லாதது

பாகம் வந்து மெஷின் சரியாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது என்றார்கள். ரஹ்மத் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே டஜன் டஜனாகக் காகிதத்தில் சுற்றின வளையல். ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் மனைவி கொடுத்தனுப்புவாளாம், கூட வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்களுக்கு. உன் மனைவிக்கு ஒரு டஜன் எடுத்துக்கொள், அளவு என்ன என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எந்தக் கப்பலுக்கு எத்தனை மூட்டை உருளைக்கிழங்கு, எந்தக் கேப்டன் எந்த ஜாம் கேட்பார் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு வட்டம் காட்டினேன். அது எண்ணெய்க் குழாய் அளவு என்று தள்ளிவிட்டார். தோராயமாக ஏதாவது கொடுங்கள் என்றேன். பெட்டியை மூடிவிட்டார். “கேட்டுக்கொண்டு வா. அதுவரை கொடுக்கமாட்டேன்.”

ரெண்டு ஆறு

மறுநாள் மதியம் துறைமுக வாசலில் வேனை ஓரங்கட்டிவிட்டு போன் போட்டேன். எடுக்கமாட்டாள் என்று நம்பித்தான் போட்டேன். எடுக்கவில்லை, கேட்க முடியவில்லை என்று ரஹ்மத்திடம் சொல்லிவிடலாம். எடுத்துவிட்டாள். “நாந்தான்” என்றேன். வேறு எதுவும் வாயில் வராமல், “ஒனக்கு வளையல் அளவு இன்னா?” என்று கேட்டேன். இரண்டரை வருஷம் கழித்து ஒருத்தன் பெண்டாட்டியிடம் கேட்கிற முதல் கேள்வி.

“யாருக்கு?” என்றாள். “ஒனக்குத்தான்” என்றேன். மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள்: “முன்ன ரெண்டு ஆறு. இப்ப அது கழண்டு வுழுது, ரெண்டு நாலுதான்.”

வாசலில்

அவள் இப்படி இளைத்துப்போயிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஏணியில் ஏறிப்போய் அளவைச் சொன்னேன். ரஹ்மத் ரெண்டு நாலில் ஒரு டஜன் எடுத்தார், பச்சை நிறம். துறைமுக வாசலில் காட்டுவதற்குக் கேப்டனிடம் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார். கட்டிப்பிடித்தோம். ஏணியின் கடைசிப் படிவரைக்கும் என்கூட இறங்கி வந்தார். அதற்குமேல் தரை. அங்கேயே நின்று கையைத் தூக்கினார்.

வாசலில் சீட்டை வாங்கிப் பார்த்த அதிகாரி காகிதத்தைப் பிரித்து வளையல்களை எண்ணினார். சீட்டில் எழுதியிருந்த ஊரை இரண்டு தடவை படித்தார். என் முகத்தை ஒரு தடவை படித்தார். திரும்பச் சுற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “வூட்டம்மா கோவமா கீறாங்களா?”

மீஞ்சூர்

வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் நேரே போனேன். பிலோமினா வாசலில் புளி காயவைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. சர்க்கரை, ஒரு வருஷமாக மாத்திரை போடுகிறாளாம். “ஏன் சொல்லல?” என்றேன். “நீ ஏன் கேக்கல?” என்றாள்.

பொட்டலத்தைக் கொடுத்தேன். யார் கொடுத்தார், எங்கிருந்து வந்தது, அவர் ஏன் இறங்கவில்லை என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினாள், கைக்கு ஆறு. சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன், மறைக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை. “போட்டுக்குறேன். வூட்டுக்கு வரேன்னு சொல்லல” என்றாள். சரி என்றேன். நான் வேனில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஞாயித்துக்கெழம எங்கம்மாவுக்குப் பூசை. அன்னிக்கிக் கப்பல் வந்துச்சின்னா இன்னா பண்ணுவ?”

நான் போகாவிட்டாலும் கப்பல் கிளம்பிவிடும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தேழு வருஷமும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் ஆயிற்று.