இரண்டாவது தும்மல்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் தடை என்பார்கள். கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி செருப்பை மாட்டுவார். இரண்டு தும்மலாகக் கேட்டால் பயமில்லை, தாராளமாகப் போகலாம். எங்கள் அப்பா இதை அப்படியே நம்பினவர். நானும் நம்பினேன், இன்றைக்கும் முழுசாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் பெருமாளுக்கே அடுக்காது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி வாழ வந்தாள். அவளுக்குச் சாமல்பட்டி. வெயில் காயும் ஊர். எங்களுடையதோ கன்னட எல்லைப் பக்கம், கெலமங்கலத்தை ஒட்டிய கிராமம். மார்கழியில் பொழுது நன்றாக ஏறிய பிறகும் பனி விலகாது. அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டதால் வீட்டில் அப்பா, நான், அவள் மூன்று பேர்தான். வந்த முதல் மார்கழியில் அவளுக்குத் தும்மல் பிடித்தது.

முதலில் ராகித் தூசி என்று நினைத்தோம். களத்தில் கதிர் அடித்துத் தாளை வீட்டுக்குப் பக்கத்திலேயே போராகப் போட்டிருந்தோம். காற்று அடித்தால் அதிலிருந்து அரிக்கும் சுணை பறக்கும். ஆனால் போர் பக்கமே போகாத நாளிலும் அவள் எழுந்து உட்கார்ந்ததும் தும்முவாள். கண் சிவந்து நீர் கொட்டும். மூக்கைத் தேய்த்துத் தேய்த்து நுனி தக்காளி மாதிரி ஆகிவிடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாள். மிளகும் துளசியும் தட்டிக் கஷாயம் வைத்துக் குடித்தாள். அப்பா தன் கையாலேயே வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். புகையில் தும்மல் இன்னும் கூடியது. சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

அப்பா சந்தைக்குக் கிளம்பி வாசற்படி தாண்டும் நேரம் பார்த்து அவளுக்கு வரும். மாமனார் கிளம்புகிறாரே என்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடக்குவாள். எல்லாவற்றையும் அடக்கி, கடைசியில் ஒன்று மட்டும் மீறிவிடும். சரியாக ஒன்று! அப்பா குடையைச் சுவரில் சாத்திவிட்டு வந்து உட்காருவார். அவள் அடுப்படியில் நின்று அழுவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், தொழுவத்தில் இருந்த நான் அவள் தும்மின கையோடு பலமாக ஒரு தும்மல் போட்டேன். அப்பா நின்றார், காது கொடுத்தார், "கோவிந்தா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றிலிருந்து இரண்டாவது தும்மல் என் வேலையாயிற்று. அப்பா புறப்படும் நேரத்தில் நான் தொழுவத்தை விட்டு நகருவதில்லை.

ஆனால் தை பிறந்தும் தும்மல் நிற்கவில்லை. மூச்சு வாங்கவும் தொடங்கியது. ஊர்க்காரர் சிலரோடு அப்பா திருமலைக்கு நடைப்பயணம் புறப்பட்டார். போகும்முன் என்னைக் கூப்பிட்டார்.

"நான் மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் பார்ப்போம்டா. அப்பவும் நிக்கலைன்னா வண்டி கட்டி, பஸ் ஏத்திக் கூட்டிகினு போய் அவங்க அம்மா வூட்ல வுட்டுட்டு வா. நம்ம ஊர்க் காத்து ஒத்துக்கல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொண்ணைக் குடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"களி யாருப்பா கிண்டுறது?" என்றேன், பேச்சை மாற்ற.

"நாம கிண்டிக்கலாம். கட்டி கட்டியா தின்னா செத்தா போவோம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா தலை மறைந்ததும் வந்து நின்றாள்.

"ஏங்க, கொண்டுபோய் வுட்டா திரும்பக் கூப்பிட வருவீங்களா?"

"வராம என்ன?"

"எங்க ஊர்ல ஒருத்தி இப்படித்தான் வந்தா. உடம்பு தேறட்டும், கூட்டிக்கிறோம்னாங்க. அவ இன்னும் தேறிகினே இருக்கா."

ஐந்தாவது வரை படித்தவன் நான், வைத்தியம் தெரியாது. பெருமாள் பெயர் ஒன்றுதான் தெரியும். இவள் இந்த வீட்டிலேயே இருக்கும்படி செய், உன் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்பா போன பிறகும் பழக்கதோஷத்தில் என் காது அவள் தும்மலுக்காகவே திறந்திருந்தது. ஒரு காலை சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். எதையோ செய்ய மறந்துவிட்ட மாதிரி மனசில் ஓர் உறுத்தல். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று. தவிடு வைத்தாயிற்று. பிறகுதான் புரிந்தது. நான் தும்மவில்லை. ஏனென்றால் அவள் தும்மவில்லை. யோசித்தால் நேற்றும் இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"உனக்குத் தும்மல் எங்கடி?"

"அதைத்தான் நானும் யோசிச்சிகினு இருக்கேன். வாயைத் திறந்து சொன்னா திரும்ப வந்துடுமோன்னு சொல்லல."

போர் அங்கேயே இருக்கிறது. பனி அப்படியேதான் பெய்கிறது. வீட்டில் இல்லாதது இரண்டுதான்: ஒன்று அப்பா, இன்னொன்று அவர் மலைக்குளிருக்கென்று அவளிடமிருந்து வாங்கிப் போன கம்பளி.

"மாமாவா, கம்பளியா?" என்று கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் கம்பளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கும் குறும்பர்கள் நெய்த கறுப்புக் கம்பளி. நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. அப்பா அதன்மேல் உட்கார்ந்துதான் ஜபம் செய்வார். மருமகள் வந்ததும் "இதைப் போத்திக்கம்மா" என்று அவளுக்குக் கொடுத்துவிட்டார். அது எங்கள் வீட்டில் பெரிய மரியாதை. தும்மல் வர வர, குளிர்தான் காரணமென்று அதை இரண்டாக மடித்து இன்னும் இழுத்து மூடிவிட்டோம். அதை ஒருநாளும் துவைத்ததில்லை. கம்பளிக்குத் தீட்டு கிடையாது, அதனால் தண்ணீரில் போட வேண்டியதில்லை என்பது வழக்கம். தீட்டு இல்லாததில் அழுக்கும் இருக்காது என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வாழ்கிறது, அதுதான் மூக்கை அரிக்கிறது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தக் கம்பளியில் எத்தனை தலைமுறைப் பூச்சி குடியிருந்ததோ!

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க. மனசு நொந்துடுவாரு" என்றாள் அவள். சொல்லாவிட்டால் கம்பளியோடு தும்மலும் திரும்பும், வண்டி கட்ட வேண்டும். சொன்னால் அப்பாவின் பூஜைக் கம்பளியைக் குறை சொன்னவன் ஆவேன். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார்.

மொட்டைத் தலையும் நாமமுமாகக் காலை வெயிலில் வந்து சேர்ந்தார். பிரசாதம் கொடுத்தார். பிறகு தோளில் இருந்த கம்பளியை எடுத்து மருமகள் மேல் போர்த்தினார்.

"திருமலைத் தரையில விரிச்சு, கோவிந்தான்னு படுத்து எழுந்த கம்பளிம்மா. இனிமே உன்னை ஒண்ணும் அண்டாது."

அவள் என்னைப் பார்த்தாள். கண் சிவந்தது. தலைப்பை வாயில் அடைத்தாள். ஒன்று மீறியது. என்னை அறியாமல் நானும் ஒன்று போட்டேன்.

அப்பா திரும்பினார். "நீ எதுக்குடா தும்முற? இப்ப யாரும் வெளிய கிளம்பலையே."

நான் மூக்கைத் தேய்த்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அவளுது பூனைத் தும்மல். உன்னுது எருமை செருமுற மாதிரி இருக்குது."

"தெரிஞ்சுமா கிளம்பிப் போனீங்க?"

"பின்ன? அந்தப் பொண்ணு அழுதுகினு இருக்கும். நான் எத்தினி வாட்டி தண்ணி குடிக்கிறது?" என்றவர், குரல் இறங்கி, "சரி, பெருமாளே பாக்கலைன்னா நாம என்ன செய்ய? நாளைக்கு வண்டி கட்டு" என்றார்.

அதற்குமேல் நான் சும்மா இருக்கவில்லை. "அப்பா, நீங்க இல்லாதப்போ இவ தும்மவே இல்ல. கம்பளி வந்துச்சு, தும்மலும் வந்துச்சு."

அவர் முகம் சுருங்கியது. "கம்பளிக்கு ஏதுடா தீட்டு?"

"தீட்டுன்னு சொல்லலப்பா. தூசின்னு சொல்றேன்."

அப்பா அவள் தோளிலிருந்து கம்பளியை எடுத்தார். வாசலில் நின்ற வண்டியின் நுகத்தடிமேல் போட்டார். மாட்டுக்கோலை எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். வெயிலில் புகை மாதிரி எழும்பியது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கினவர் அப்படியே நின்று தும்மினார். ஒரே ஒரு தும்மல். கோல் அந்தரத்தில் நின்றது. ஒற்றைத் தும்மலுக்குப் பிறகு எந்தக் காரியமும் தொடரக்கூடாதே!

வாசற்படியிலிருந்து இன்னொரு தும்மல் கேட்டது. அவளுடையதுதான். ஆனால் சுத்தப் பொய்த் தும்மல். அதில் அவளுக்குப் பழக்கமே இல்லை. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

"நிக்கிறியே, இன்னொரு கோல் எடுத்துகினு வாடா" என்றார் என்னிடம்.

மறுநாள் சொன்னபடியே வண்டி கட்டினோம். பஸ்ஸுக்கு அல்ல, ஏரிக்கு. அப்பாவே மாடுகளைக் கன்னடத்தில் அதட்டிக்கொண்டு ஓட்டினார். அவருடைய மாடுகளுக்குத் தமிழ் புரியாது என்பார். ஏரிக்கரையில் அண்டா வைத்துக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காய்ச்சிக் கம்பளியை ஊற வைத்தோம். காய்ந்த பிறகு பார்த்தால் அது சுருங்கிப் பாதியாகிவிட்டது. ஜபம் செய்ய ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். "மரியாதையா எங்கிட்டயே திரும்பி வந்துடுச்சு பார்" என்று அப்பா அதை மடித்து வைத்துக்கொண்டார். அவளுக்குப் பழைய புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வை செய்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அதை வெயிலில் போட்டு உதறுவது வீட்டுப் பூஜையோடு சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் நான் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தேன்.

தும்மல் முழுசாகப் போகவில்லை. போரை வீட்டுக்கு அந்தாண்டைப் பக்கம் மாற்றிப் போட்டும், ராகி அடிக்கும் மாதத்தில் கொஞ்சம் வரத்தான் செய்தது. அப்போதெல்லாம் அப்பா குடையோடு வாசற்படியில் நின்று, தொழுவத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கூப்பிடுவார்:

"டேய், சந்தைக்கு நேரமாவுது. ரெண்டாவது எங்கடா?"