வெட்டுமுன் ஒரு செம்பு தண்ணீர்

ஊரடங்கை இரண்டு மணிநேரம் தளர்த்தினால் எங்கள் நாவுல ஊரில் எல்லோரும் அரிசிக்கு ஓடுவார்கள். தண்ணீர் சபை ஊழியர் ஒருவரோ பில் கட்டாத வீடுகளின் தண்ணீரை வெட்டக் கிளம்புவார். மெலிந்த மனிதர், கசங்காத காக்கிச் சட்டை. வாசலுக்கு வந்ததும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார்.

எங்கள் வீட்டிலும் கேட்டார். காய்ச்சலில் கிடந்த தங்கைக்காகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் மிச்சமிருந்தது. அம்மா அதைச் செம்போடு கொடுத்தாள். கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்துவிட்டு, மீட்டரடியில் குந்திக் குழாயை வெட்டினார்.

"குடிச்ச ஈரம் காயல, அதுக்குள்ள வெட்டிட்டீங்களே!" என்றாள் அம்மா.

"வெட்டின பொறகு கேட்டா யாரு அக்கா தருவாங்க?" என்றார், சிரிக்காமல்.

அன்று தங்கை மாத்திரையை மென்றே விழுங்கினாள்.

மறுமாதம் பில்லைக் கட்டியதும் குழாயை மீண்டும் இணைக்க வந்தவர் தண்ணீர் கேட்கவில்லை. அம்மாவே செம்பை நிறைத்துக் கொண்டுபோய் நீட்டினாள். ஏனென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.