குலுக்கலில் விழுந்த வீடுகள்

ஜெமீலா ராத்தா மௌத்தான செய்தி அஸர் தொழுகைக்குப் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. விடைத்தாள் திருத்துவதற்காகக் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். கல்முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கிவிட்டிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

சுனாமிக்குப் பின் மூன்றாம் மாதம், ஒரு நிவாரண நிறுவனத்தின் கணக்கெடுப்பில் நானும் ராத்தாவும் வேலை செய்தோம். கரையோரக் குடும்பங்களில் பாதிக்கு மேல் சம்மதித்தால், வயலுக்கு அப்பால் புதிய குடியேற்றத்தில் வீடுகள் கட்டுவதாக இருந்தது. எல்லோரையும் கேட்க முடியாததால் குலுக்கல் முறையில் சில வீடுகளை மாதிரியாகத் தெரிந்தெடுத்தோம். கதவைத் தட்டிக் கேட்டு எழுதப் போனவர்கள் எல்லோரும் ஆண்கள். சம்மதம் பாதியைத் தாண்டவில்லை என்பது, சோதனைக்காக முதலில் உண்மையென்று வைத்துக்கொள்ளும் எங்கள் சூனியக் கருதுகோள். அதை நிராகரிக்கப் போதுமான சான்று மாதிரியில் உண்டா என்று சோதிப்பது என் வேலை. படிவங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை "மிஸ்" என்றே அழைத்தார்.

ஒரு நாள் "ஆளில்லை" என்று குறித்த படிவங்களைத் தனியாக எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இது ஆளில்லாத ஊடில்ல மிஸ். இத்தாவில இரிக்கிற பொம்புளயள். ஆம்புள போய்த் தட்டினா ஆரு வெளிய வந்து கதைப்பா?"

எனக்குத் தெரியாததல்ல. கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முன் வருவதில்லை. ஆனால் இரண்டு முறை தட்டியும் திறக்காவிட்டால் பக்கத்து வீட்டைச் சேர்க்கும்படி நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். சேர்த்திருந்தோம். "விதி அப்பிடித்தான் ராத்தா" என்றேன்.

"அப்ப படிவத்தில இன்னொரு கட்டம் போடுங்களன். 'ஆம்புள வந்தான், தொறக்கல்ல' எண்டு."

அறிக்கை அனுப்புவதற்கு முதல் நாள், அந்த வீடுகளுக்கெல்லாம் தானே போய் நிரப்பிய படிவங்களைக் கொண்டுவந்தார். எங்கள் ஊர்களில் வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுபவை. உம்மா தந்த வளவை விட்டுப் போக அந்தப் பெண்களில் அநேகர் சம்மதித்திருக்கவில்லை.

"விரும்பின வீட்டுக்குப் போய் எழுதினா, எடுத்த மாதிரி பழுதாகிடும் ராத்தா" என்றேன்.

"நான் விரும்பின ஊட்டுக்குப் போகல்லையே மிஸ். நீங்க குலுக்கி எடுத்த ஊட்டுக்குத்தான் போன."

படிவங்களைக் கணக்கில் சேர்க்காமல் இழுப்பறையில் வைத்தேன். சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்பட்டது, பாதிக்கு மேல் சம்மதம் என்று மறுநாள் அறிக்கை போனது. வீடுகள் வயலுக்கு அப்பால் எழும்பின.

யுத்தம் முடிந்த வருடம் அந்தக் குடியேற்றத்துக்குப் போனேன். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பெண்கள் கரையோரத்தில் சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டியிருப்பதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். திரும்பி வந்து, பக்கத்து வீடுகளை நீக்கி, ராத்தாவின் படிவங்களைச் சேர்த்து மீண்டும் கணித்தேன். கருதுகோளை நிராகரிக்கச் சான்று போதவில்லை. பாதிப்பேர் மறுத்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. பாதிக்கு மேல் சம்மதித்தார்கள் என்று எழுத எனக்கு உரிமை இருக்கவில்லை என்பதே அர்த்தம்.

அதன்பின் எத்தனையோ கலியாண வீடுகளில் அவரைக் கண்டேன். "இப்பவும் அந்தக் கணக்குத்தான் படிப்பிக்கிறீங்களா மிஸ்?" என்று கேட்பார். "ஓம்" என்பேன். அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை. கணித்துப் பார்த்ததை நானும் சொன்னதில்லை.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அவர் எழுத்தில் நிரம்பிய அந்தப் படிவங்களும், அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வசனமும். அவரை அறிந்த உங்களிடமாவது அதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வீடுகளில் ஆளிருந்தது, ராத்தா சொன்னதுதான் சரி.