‘வருது’ என்றோம், ஆர்டர் போனது

மலேசியாவிலிருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். அமராவதிபுதூர் பக்கம் எங்கள் பலகாரக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், ஓடாத ஏசி. மாதம் ஒரு கண்டெய்னர் முறுக்கும் சீப்புச் சீடையும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார் அந்த வியாபாரி. ஆர்டர் உறுதியானால் இன்னொரு ஷெட் போட்டு, அரைநாள் வேலை பார்க்கும் பெண்களை முழுநாளுக்கு எடுப்பதாக முதலாளி ஆச்சி வாக்குக் கொடுத்திருந்தார்.

“லேப் ரிப்போர்ட் ரெடியா?” என்றார் வியாபாரி.

பலகாரத்தைச் சோதிக்க லேபுக்கு நாங்கள் இன்னும் சாம்பிளே அனுப்பவில்லை. சூடான வாணலியைத் தள்ளிவிடுவதுபோல் போனை ஆச்சி கையில் திணித்துவிட்டு, ஃபைல் தேடும் சாக்கில் பீரோவுக்குள் தலையை விட்டேன். உள்ளே காலி டிபன் டப்பா இருந்தது. அதையும் திறந்து தேடினேன்.

ஆச்சி நிதானமாக, “வருது தம்பி” என்றார்.

எங்கள் ஊர்க் கடைகளில் ‘இல்லை’ என்பது அபசகுனம். சரக்குத் தீர்ந்தாலும் ‘வருது’ என்போம். உள்ளூர்க்காரர் புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

“ஆச்சி, அவுக நெசமாவே வருதுன்னு நெனச்சுக்குவாக.”

“யாவாரத்துல இல்லேன்னு சொல்லவா? நீ மொதல்ல பீரோவ விட்டு வெளிய வா. கரப்பான் கடிச்சுரப் போவுது.”

திருப்பிக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்ல எனக்கும் தைரியமில்லை. வியாபாரி அதை நம்பி, தீபாவளிக்காக ஒரு சூப்பர் மார்க்கெட்டில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்தார். ரிப்போர்ட் கைக்கு வந்தபோது அந்த இடத்தில் வேறு நாட்டுச் சரக்கு உட்கார்ந்திருந்தது.

“இல்லேன்னு சொல்லிருந்தா நானே இங்க டெஸ்ட் பண்ணிருப்பேன்லா” என்றார். அதன்பின் அவர் கூப்பிடவில்லை.

ஏற்றுமதி பெருகினால் நாடு வளரும் என்று கூட்டங்களில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். வளர்கிறதுதான். ஆனால் அந்த வளர்ச்சி எந்த ஊரில் இறங்கும் என்பது சில சமயம் ஒரு போன் பதிலில் இருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், கையில் இல்லாத பேப்பரை இல்லை என்றே சொல்லுங்கள். கூடவே எப்போது கிடைக்கும் என்று ஒரு தேதியும் சொல்லுங்கள்.

ஷெட் போடவில்லை. எங்களிடம் அரைநாள் முறுக்குச் சுற்றிய செல்வி, மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டு அவர் திரும்பக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

“என்ன செல்வி, நம்மள விடப் பெரிய எக்ஸ்போர்ட் ஆளா ஆயிட்டீக போல?”

“ஆமாண்ணே. நான் தைக்கிற சட்டை மாசாமாசம் வெளிநாடு போவுது. பிள்ளையப் பாக்க எனக்குத்தான் பொங்கல் வர வேண்டியிருக்கு.”

அவர் பையை வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.